பாப்பா விரியும்வரை

இரண்டே சுரம். கீழே ஒன்று, கொஞ்சம் மேலே ஒன்று, மறுபடி கீழே. உதட்டைக் குவித்து, சத்தம் வந்தும் வராமலும், ரெஜினாவின் அப்பா சீட்டியடித்துக்கொண்டே தாழ்வாரத்தில் நடந்து வருவார். ஊட்டி வீடு. பட்டப்பகல். ஜன்னலிலிருந்து வெயில் இறங்கித் தரையில் கட்டம் கட்டமாகக் கிடக்கும், எதிரே ஒரு பூனைகூட இருக்காது, ஆனாலும் அடித்துக்கொண்டுதான் வருவார். பிலிம் செய்கிற தொழிற்சாலையில் அவருக்கு வேலை. முழு இருட்டில் நடக்கிற வேலை, ஒரு பொட்டு வெளிச்சம் பட்டாலும் அத்தனையும் பாழ். அந்த இருட்டில் ஒருவர்மேல் ஒருவர் மோதிக்கொள்ளாமல் இருக்க ஆளுக்கு ஒரு சீட்டி வைத்திருப்பார்களாம், மெல்ல அடித்தபடியே நடப்பார்களாம், கேட்டவர்கள் ஒதுங்கிக்கொள்வார்களாம். வீட்டுக்கு வந்தாலும் அந்த உதடு சும்மா இருக்காது என்று ரெஜினா சொன்னாள். நாங்கள் கல்லூரியில் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தபோது, விடுமுறைக்கு அவளோடு போயிருந்தேன். அன்றைக்கு எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. இன்று, எழுபதைத் தாண்டி, கோயமுத்தூரில் ஒரு கண் ஆஸ்பத்திரியின் பிளாஸ்டிக் நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும்போது, செருப்புச் சத்தங்கள் எனக்கு முன்னால் வருவதும் போவதுமாக இருக்கும்போது, எனக்கும் அப்படி ஒன்று இருந்தால் தேவலை என்று படுகிறது. இங்கே ஒருத்தி இருக்கிறாள், மோதாமல் போங்கள் என்று சொல்ல இரண்டு சுரம்.

கண்ணில் மருந்து விட்டதும் எரிந்தது. எரிந்து அடங்கி இப்போது தொண்டையில் கசக்கிறது. கண்ணில் விட்டது நாக்குக்கு எப்படி வந்தது, உள்ளுக்குள் எல்லாம் ஒன்றுக்கொன்று வழி வைத்துக்கொண்டிருக்கிறது போலும். மருந்து விட்ட நர்ஸ் சின்னப் பெண், குரலில் ஜலதோஷம். "பாப்பா விரியோணுமுங்கம்மா. விரியற வரைக்கும் கண்ணத் தொறக்கவே கூடாது" என்றாள். பாப்பா. கண்ணின் நடுவில் இருக்கிற கறுப்புத் துவாரத்துக்குப் பேர். எதிரே இருப்பவர் கண்ணுக்குள் உற்றுப் பார்த்தால் நாமே குழந்தை அளவுக்குச் சிறுத்து அங்கே நிற்போம், அதனால் பாப்பா. என் மகன் கைக்குழந்தையாக இருந்தபோது பால் குடித்துக்கொண்டே என்னை அண்ணாந்து பார்ப்பான், அவன் கண்ணுக்குள் ஒரு ஜன்னல், ஜன்னலை மறைத்துக்கொண்டு ஒரு தலை, அது நான். அதைவிட நல்ல படம் நான் எடுத்ததில்லை, அன்றைக்குக் கையில் கேமரா இல்லை என்பதைத் தவிர. கேமராவிலும் இதே சங்கதிதான், துவாரம் விரிந்தால் வெளிச்சம் நிறைய வரும், ஆனால் ஆழம் போய்விடும், முன்னால் இருப்பது ஒன்று மட்டும் தெளிவாக நிற்கும், பின்னாலிருக்கிற மரமும் வீடும் மனிதர்களும் பஞ்சாகிவிடுவார்கள். இரண்டும் வேண்டும் என்றால் கிடைக்காது. நான் வலது கண்ணால்தான் எடுப்பேன். இடதைச் சுருக்கி மூடிக்கொள்வேன், அதனால் இடது கண்ணோரத்தில் மட்டும் சுருக்கம் அதிகம். அந்த வலது கண்ணைத்தான் இன்று பார்க்கப் போகிறார்கள். ஊசி போட்டால் தேறுமா, இல்லை ஊசி போடவே ஒன்றும் மிச்சமில்லையா என்று இன்று சொல்லிவிடுவார்கள். தேறாது என்றால் கேமரா அவ்வளவுதான். அவ்வளவுதான். இந்தச் சொல்லை மனசுக்குள் சொல்லிப் பார்த்தால் கடைக்காரர் பொட்டலத்தைக் கட்டி நூலை அறுக்கிற சத்தம் கேட்கிறது.

"ஏ மணி, எனக்கும் எரியுது" என்கிறது பக்கத்து நாற்காலி. ராமாத்தாள். எனக்குத் துணையாக வந்தவள், கல்லூரியிலிருந்து எனக்குத் துணையாகவே வந்துகொண்டிருப்பவள். மனோன்மணி என்ற என் பேரை அன்றைக்கே பாதியாக்கி வைத்துக்கொண்டாள். "உனக்கு ஏண்டி எரியுது?" என்றேன். "எனக்கும் ஊத்திப்போட்டாளே, அந்த அம்மிணி." "துணைக்கு வந்தவன்னு சொல்றதுதானே?" "நான் வாயத் தொறக்கறதுக்குள்ள அவ என்ற கண்ணத் தொறந்துட்டாடி." எனக்குச் சிரிப்பு வந்து, சிரித்ததில் மூடிய இமைக்கடியிலிருந்து மருந்து வழிந்து கன்னத்தில் இறங்கியது. ராமாத்தாள் இருட்டில் கையை நீட்டி என் முழங்கையைத் தேடிப் பிடித்துக்கொண்டு, சத்தமாக, "ஏம்மிணி, பொண்ணுக்குத் தோழியா வந்தவ கழுத்துலயும் தாலியக் கட்டிப்போட்டீங்களே" என்று ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். வரிசையில் யார் யாரோ சிரித்தார்கள், எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு. ஜலதோஷக் குரல் ஓடி வந்து, "அய்யோ, ஏனுங்கம்மா சொல்லல? ரெண்டு பேரும் ஒரே மாதிரி வெள்ளத்தலையா உக்காந்திருந்தீங்களா, எனக்குத் தெரியலீங்க" என்றது. "சரி விடு சாமி, வந்தது வந்தாச்சு, நானும் என்ன இருக்குதுன்னு பாத்துப்போட்டே போறேன்" என்றாள் ராமாத்தாள். கையை மட்டும் என் முழங்கையிலிருந்து எடுக்கவில்லை. அவள் உள்ளங்கை எப்போதும் சூடு. விடுதியில் மார்கழிக் குளிருக்கு நாங்கள் அவள் கையைத்தான் கணப்பாக வைத்துக்கொள்வோம். இப்போது எனக்குத் துணைக்கு வந்தவளுக்கும் கண் தெரியாது, யார் யாரை வீட்டுக்குக் கூட்டிப்போவது. யோசித்தால் இன்னும் சிரிப்பு வருகிறது, சிரிப்புக்கு அடியில் வேறொன்று புரண்டு படுக்கிறது. அது எழுந்துவிடாமல் இருக்கட்டும்.

அது முதலில் எழுந்தது ராமாத்தாளின் பேத்தி கல்யாணத்தில். பொள்ளாச்சியில் பெரிய மண்டபம். மணப்பெண்ணை எடுக்கலாம் என்று கேமராவைக் கண்ணில் வைத்தேன். மாலை இருந்தது. நெற்றிச்சுட்டி இருந்தது. காதில் ஜிமிக்கி ஆடியது. முகம் இல்லை. முகம் இருக்க வேண்டிய இடத்தில், ஈரச்சுவரில் கை வைத்த மாதிரி, ஒரு மங்கல். லென்ஸில் விரல் பட்டிருக்கும் என்று முந்தானையால் துடைத்தேன், மறுபடி பார்த்தேன், மாலை, சுட்டி, ஜிமிக்கி. கேமராவை இறக்கி இரண்டு கண்ணாலும் பார்த்தபோது பெண் நன்றாகத்தான் இருந்தாள், முகத்தோடு, முகம் நிறைய வியர்வையோடு. அந்த நேரம் பார்த்துக் கெட்டிமேளம். கைகள் எல்லாம் மேலே எழும்பின. அட்சதை போட எழுகிற கை எனக்குப் பழக்கம், அந்தக் கைகளையே ஒரு காலத்தில் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன், விரல்களின் நடுவில் மஞ்சள் அரிசி பிரிந்து பறக்கிற கணம். இப்போது எழுந்த கைகளில் எல்லாம் போன். எல்லாருக்கும் வலது கையில் போன் இருந்ததால் அட்சதையை இடது கையால் போட்டார்கள். "பீச்சாங்கையில அரிசி போடறாளுக பாரு, இதுகளுக்கு வெளங்குமா?" என்று ராமாத்தாள் என் காதில் பல்லைக் கடித்தாள். சொன்னவளே அடுத்த நிமிஷம் மருமகள் போனை வாங்கித் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, "எங்க அமுக்கோணும், எங்க அமுக்கோணும்" என்று தவித்தாள். நான் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. கேமராவைப் பையில் வைத்துவிட்டுப் பந்திக்குப் போனேன். இலையில் பரிமாறியதை வலது கண்ணால் மட்டும் பார்த்தேன், உப்பும் இனிப்பும் ஓரத்தில் தெரிந்தன, சோறு இல்லை.

எல்லாரும் படம் எடுக்கிற காலத்தில் உனக்கென்ன இன்னும் அந்தக் கேமரா என்று மகன் கேட்பான், கோபமாக இல்லை, கனிவாகத்தான், கனிவாகக் கேட்பதுதான் சிரமம். யாரும் பார்க்காத படங்களை எடுத்துத் தள்ளுகிறார்கள் என்று குறை சொல்கிறவர்களோடு என்னால் சேர முடிவதில்லை. போன மாதம் உக்கடம் பஸ்ஸில் ஒருத்தி, கூடையும் ஆளுமாக என் பக்கத்தில் உட்கார்ந்தவள், முன்பின் தெரியாத எனக்குப் போனைத் திறந்து ஒரு கன்றுக்குட்டியைக் காட்டினாள். "வெடியால போட்டுதுங்க. நின்னுருச்சு பாருங்க." கால்கள் நாலும் நாலு திசைக்கு வழுக்க, ஈரம் காயாத கன்று, பின்னால் சாணக்குழி, ஓரத்தில் அவள் கட்டைவிரல். படம் சாய்ந்திருந்தது. அதைப் பார்த்து எனக்குக் கண்ணில் நீர் வந்தது. எடுக்கத் தெரியாத கை எடுத்த படம், ஆனால் ஆசைப்பட்ட கை. அப்படியிருக்க நான் எதற்கு. என்னிடம் இருந்தது ஒரே ஒரு வித்தை, "எடுத்தாச்சு" என்று சொல்வது. பொய்யாகச் சொல்வது. எல்லாரையும் நிறுத்தி, அவர்கள் வயிற்றை எக்கி மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது ஒன்றும் செய்யாமல் இருந்துவிட்டு, "எடுத்தாச்சு" என்பேன். அப்போது எல்லா முகமும் ஒரு கணம் வீட்டுக்குத் திரும்பி வரும். தோள் இறங்கும், ஒருத்தி பக்கத்திலிருப்பவளைப் பார்ப்பாள், அப்பா என்று மூச்சு விடுவார்கள். அந்தக் கணத்தில் அமுக்குவேன். முப்பது நாற்பது வருடம் அதை நம்பி வாழ்ந்திருக்கிறேன். இப்போது அது பலிப்பதில்லை. "எடுத்தாச்சு" என்றால் எல்லாரும் என்னை நோக்கி ஓடி வருகிறார்கள், "காட்டுங்க காட்டுங்க" என்று. முகம் வீட்டுக்குத் திரும்புவதில்லை, நேராகத் திரைக்குள் போய்விடுகிறது. அதில் யார்மேலும் குற்றமில்லை. தங்களைப் பார்த்துக்கொள்ள ஆசை இல்லாதவர் யார். நான் நின்றிருந்த இடைவெளி ஒன்று மூடிக்கொண்டது, அவ்வளவுதான். மறுபடியும் அந்தச் சொல், மறுபடியும் நூல் அறுகிறது.

நான் கேமராவைப் பிடித்ததே ராமாத்தாளின் பயத்தால்தான். விடுதியில் ராமாத்தாள், ரெஜினா, நான், ஒரே அறை. ரெஜினாவின் அப்பா அவளுக்கு ஒரு கறுப்புப் பெட்டிக் கேமரா கொடுத்தனுப்பியிருந்தார். மூன்று பேரும் சேர்ந்து எடுத்துக்கொள்ளலாம், காவல்காரரை அமுக்கச் சொல்லலாம் என்றாள் ரெஜினா. ராமாத்தாள் கட்டிலைவிட்டு இறங்கவில்லை. "மூணு பேரா நின்னு படம் எடுத்தா நடுவுல நிக்கறவங்க போயிருவாங்க." "எங்கடி போயிருவாங்க?" "செத்துப்போயிருவாங்க. எங்க பெரியம்மா அப்படித்தான் போனாங்க." ரெஜினா நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு, "எங்க சாமியே மூணு பேருதாண்டி, அவங்க என்ன போயிட்டாங்களா?" என்றாள். ராமாத்தாள் யோசிக்கவே இல்லை. "அவுங்க போட்டோ எடுத்துக்கிட்டாங்களா?" அன்று முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம், ஆனால் அவளை நகர்த்த முடியவில்லை. மூன்றில் ஒருத்தி வெளியே நிற்க வேண்டும். ரெஜினா அழகி, அவள் படத்தில் இருக்க வேண்டும், ராமாத்தாள் வெளியே நின்றால் பயத்தில் கை நடுங்கும், நான் நின்றேன். கண்ணில் பெட்டியை வைத்தேன். அந்தச் சின்னக் கட்டத்துக்குள் இரண்டு பேரும் வந்து நின்றதும் உலகத்தில் மற்றதெல்லாம் ஓசையில்லாமல் விலகிக்கொண்டது. இவர்களை எனக்கு இவ்வளவு பிடிக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. இதை யாரிடமும் சொன்னதில்லை, சொல்ல என்ன இருக்கிறது.

அந்தக் கேமராவுக்குச் சூரியன் நம் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். சாயங்காலம், விடுதிக்குப் பின்புறம் தண்ணீர்த்தொட்டிச் சுவர். கழுவிப் போட்ட படம் வந்ததும் மூன்று தலையும் ஒன்றாகக் குனிந்தோம். சுவரில் ரெஜினா இந்தப் பக்கம், ராமாத்தாள் அந்தப் பக்கம். இரண்டு பேருக்கும் நடுவில், தரையில் தொடங்கிச் சுவரில் ஏறி, முழங்கை இரண்டும் விரிந்து, தலை அவர்கள் தோள் உயரத்துக்கு, என் நிழல். ராமாத்தாள் வெளுத்துப்போனாள். "மூணு ஆயிப்போச்சு." "நிழலுக்கு மூஞ்சியே இல்லையேடி" என்றாள் ரெஜினா. "மூஞ்சி இல்லீனா என்ன, ஆளு இருக்குதே. நடுவுல நிக்குதே." படத்தைப் பிடுங்கிக்கொண்டு போனவள் அன்று இரவு சாப்பிட வரவில்லை. அதற்குப் பிறகு அந்தப் படத்தை நான் பார்க்கவே இல்லை. நடுவில் நின்ற நான் போய்ச் சேரவும் இல்லை. ரெஜினா இப்போது மெல்பர்னில் மகளோடு இருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை தோறும் தான் சமைத்த மீன்குழம்பைப் படமெடுத்து எங்கள் இரண்டு பேருக்கும் அனுப்புகிறாள். ராமாத்தாள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் கொட்டாவி விடுகிறாள். "விரிஞ்சிருக்குமா மணி?" "தெரியலயே." "தெரியாமத்தானடி உக்காந்திருக்கறோம்."

பல் உடைந்த இடத்துக்கு நாக்கு போகிற மாதிரி, மாதக்கணக்காக நான் அந்த இடத்துக்கே போய்க்கொண்டிருக்கிறேன். காலையில் எழுந்ததும் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு நிலைக்கதவைப் பார்ப்பேன், மரச்சட்டம் இடுப்பொடிந்து நெளியும். நாள்காட்டியைப் பார்ப்பேன், மாதம் இருக்கும், கிழமை இருக்கும், தேதி இருக்காது. கண்ணாடியில் என்னைப் பார்ப்பேன், ஒரு நரைத்த கொண்டையும் இரண்டு தோடும் எதிரே நிற்கும், சின்ன வயதில் இது நடந்திருந்தால் அழுதிருப்பேன், இப்போது அப்படியொன்றும் நஷ்டமில்லை. ஆனால் ராமாத்தாளைப் பார்த்ததுதான் தாங்கவில்லை. போன வாரம் அவள் வீட்டில், அவள் வெங்காயம் உரித்தபடி எதையோ திட்டிக்கொண்டிருக்க, சும்மா கை வைத்துக்கொள்வது போல இடது கண்ணை மூடினேன். வெங்காயம் தெரிந்தது. விரல் தெரிந்தது. திட்டு கேட்டது. அவள் இல்லை. அவளைப் பார்க்க வேண்டுமென்றால் அவளைப் பார்க்கக் கூடாது, பக்கத்துச் சுவரைப் பார்க்க வேண்டும், அப்போது கண்ணோரத்தில் அவள் மெதுவாக வந்து சேர்கிறாள், திரும்பி நேரே பார்த்தால் மறுபடி போய்விடுகிறாள். எதை விரும்பிப் பார்க்கிறேனோ அது மட்டும் மறையும்படி ஒரு கண். இதை வைத்துக்கொண்டு என்ன படம் எடுப்பது. சுவர்களை எடுக்கலாம். ஊசி போடுவார்கள், கண்ணுக்குள்ளேயே போடுவார்களாம், போடட்டும், எத்தனை வேண்டுமானாலும் போடட்டும், ஊசி உண்டு என்று மட்டும் சொல்லிவிடட்டும். நானே ஊசிக்கு வேண்டிக்கொள்கிறேன் என்று நினைத்தால் விநோதமாக இருக்கிறது.

"மனோன்மணிங்கம்மா, வாங்க. கண்ணத் தொறக்கலாமுங்க." திறந்ததும் வெளிச்சம் முகத்தில் வந்து விழுந்தது, பாலைக் கவிழ்த்தது போல. பாப்பா விரிந்திருந்தது. உள்ளே ஒரு இருட்டறை, ஒரு கருவி, அதற்கு முன்னால் ஒரு பெண். "இதுல தாடைய வெச்சுக்கோங்க. கண்ணுக்குள்ள போட்டோ எடுக்கோணுமுங்க." எனக்குச் சட்டென்று கூச்சம் வந்தது. எத்தனை பேரை நிறுத்தியிருக்கிறேன், என்னை நிறுத்துகிறார்கள். "அசையாதீங்க. நடுவுல ஒரு பச்சைப் புள்ளி தெரியும், அதையே பாருங்க." பார்த்தேன். கறுப்பு. கறுப்பின் ஓரங்களில் கருவியின் விளிம்பு, அந்தப் பெண்ணின் வளையல் மினுக்கம். "தெரியலீங்க." "நடுவுல பாருங்கம்மா, நேரா நடுவுல." "நடுவுலதான் தெரியல." அவள் கருவியை ஒருமுறை திருகிப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "சரிங்கம்மா, எங்கயாவது பாருங்க" என்றாள். எனக்குப் புரிந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒருவரும் எனக்கு எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வெளிச்சம் ஒரு முறை வெட்டியது, கண்ணுக்குள்ளிருந்தே வெட்டியது போல. "எடுத்தாச்சுங்க" என்றாள். நான் மூச்சை விட்டேன்.

டாக்டர் என் மகன் வயது இருப்பார். திரையை என் பக்கம் திருப்பி வைத்தார். என் வலது கண்ணின் உட்புறம். இடது கண்ணால் பார்த்தேன். செக்கச் சிவந்த ஒரு வட்டம், மாசிமாதத்து அந்திச் சூரியன் போல, அதன்மேல் இலையுதிர்ந்த மரத்தின் கிளைகளாக ரத்தக்குழாய்கள், கிளைநுனிகள் மெலிந்து மெலிந்து மறைகிற இடம்வரை கூர்மை. விளிம்பிலிருந்து விளிம்புவரை ஒரே சீரான வெளிச்சம். நடுவில் சாம்பல் நிறத்தில், யாரோ மிதித்துவிட்டுப் போன ஈரத்தடம் மாதிரி, ஒரு தழும்பு. "ஆறிப்போன புண்ணு மாதிரிங்கம்மா இது. ஊசி போட்டுப் பிரயோஜனம் இல்ல. இடது கண்ணு நல்லா இருக்கு, அத நாம காப்பாத்திக்கலாம்." நான் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். "இத யாருங்க எடுத்தது?" என்றேன். "அந்தப் பொண்ணுதான். ஏனுங்கம்மா?" "நல்லா எடுத்திருக்கு." அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார், பிறகு என் மடியில், பைக்குள்ளிருந்து எட்டிப்பார்த்த கேமராவைப் பார்த்தார். "படம் எடுப்பீங்களா? இப்பத்தான் போன் வந்திருச்சேம்மா. கைய நீட்டிப் புடிச்சாப் போதும், கண்ண வெச்சுப் பாக்கவே வேண்டியதில்ல." நல்ல மனசோடுதான் சொன்னார். ஆமாங்க என்றேன். கண்ணை வைத்துப் பார்க்காமல் எடுப்பது, மடியில் போட்டுக்கொள்ளாமல் குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி, ஊட்டலாம், குழந்தையும் சாப்பிடும். இதையெல்லாம் அவரிடம் எப்படிச் சொல்வது.

வெளியே ராமாத்தாளும் பார்த்துமுடித்து வந்திருந்தாள். "எனக்குப் புரையாமா. இன்னும் முத்தலையாம், முத்துனப் பொறவு வாங்கன்னு சொல்லிப்போட்டாங்க, தேங்காயாட்ட. உனக்கு என்னடி?" இரண்டு பேரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு வாசற்படி இறங்கினோம், வெயில் எங்களை இரண்டு பக்கமும் தள்ளியது, ரோடு, ஆட்டோ, மரம் எல்லாம் அதிகமாக வெளிச்சம் குடித்த படம் போல வெளுத்துக் கிடந்தன. வேப்பமர நிழலுக்கு வந்ததும் சொன்னேன். "வலது கண்ணு தேறாதாம். நடுவுல தழும்பாம். ஓரம் தெரியும், நடுவு போயிருச்சு." ராமாத்தாள் நின்றுவிட்டாள். "நடுவுலயா? நல்லாக் கேட்டயா, நடுவுன்னுதான் சொன்னாங்களா?" "படமே காட்டினாங்கடி." அவள் கையிலிருந்த சூடு என் முழங்கையில் இறுகியது. அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் முகத்தை வானத்துக்குத் தூக்கி, "அப்ப இத்தோட விட்டுது" என்றாள். "எது விட்டுது?" "ஆளக் கேட்டுது. அன்னிக்கே கேட்டுது. நான் விடல. கோனியம்மன் கோயிலுக்குப் போயி, அவ நிழல் தெரியாம நடுவுல வந்து நின்னுருச்சு தாயே, அவளத் தொடாத, நான் இனிப் பலாப்பழத்தத் தொடமாட்டேன்னு சொல்லிப்போட்டு வந்தேன். இத்தன வருசம் இழுத்து இழுத்துப் பாத்துப்போட்டு, கண்ணு நடுவ மட்டும் வாங்கிக்கிட்டுப் போகுது. போகட்டும்." பலாப்பழம் வேண்டாம், வாயு என்றுதான் என்னிடம் சொல்லியிருந்தாள், எங்கள் வீட்டில் எத்தனை வைகாசி, எத்தனை தட்டு, ஒவ்வொரு முறையும் நான் அவளைக் கேலி செய்திருக்கிறேன். "பைத்தியக்காரி" என்றேன். "ஆமா போ, நீ பெரிய கெட்டிக்காரி, நிழலக்கூட ஒழுங்கா வெச்சுக்கத் தெரியாதவ." ஆஸ்பத்திரி வாசலில் பலாப்பழ வண்டி நிற்பதை அவள் வாசனையிலேயே கண்டுபிடித்தாள். சுளையை வாங்கி, இரண்டு கையாலும் பிடித்து, ஒரு கடி கடித்துவிட்டு அப்படியே நின்றாள், தாடை அசையாமல், நினைவுக்கு வருகிறதா என்று பார்க்கிறவள் போல. பிறகு மெல்ல மெல்லத் தின்றாள். சாறு விரலிடுக்கெல்லாம் பிசுபிசுத்தது. நான் பையைத் திறந்து கேமராவை எடுத்தேன், வலது கண்ணுக்குப் போன கையை நிறுத்தி இடது பக்கம் கொண்டுபோனேன். மூக்கு இடித்தது. கட்டைவிரலுக்கு இடமில்லை. வலது கண்ணை மூடத் தெரியவில்லை, இத்தனை வருடத்தில் அதைத் தனியாக மூடியதே இல்லை, உள்ளங்கையால் பொத்திக்கொண்டேன். கட்டத்துக்குள் வெளிச்சம் கொட்டிக்கிடந்தது, அதற்குள் ஒரு நீலச்சேலை, ஒரு வெள்ளைத்தலை, நடுவில், பனிக்குள்ளிருந்து வருவது போல, அவள் முகம். முகம் இருந்தது. அமுக்கினேன்.

ராமாத்தாள் அடுத்த மாசியில் தூக்கத்தில் இறந்தாள். அவள் வீட்டுக் கூடத்தில் மாலை போட்டு மாட்டியிருப்பது, பேரன் போனில் எடுத்த படம்.